பூசணிக்கிழமை

வெள்ளாற்றூர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கித் தில்லைநாயகம் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பூசணிக்கிழமை வீடு என்று கேட்டால் வாசல்வரை கூட்டிவந்து விடுவார்கள். அங்கேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டும் போவார்கள்.

அந்தப் பெயர் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அதற்கு முன் முப்பத்திரண்டு வருஷம் அவர் அந்த ஊர்ப் பள்ளியில் தமிழாசிரியர். கரும்பலகையில் எழுதிக்கொண்டே கடைசி பெஞ்சில் யார் கடலை தின்கிறான் என்று சொல்லிவிடுவார். ஒரு கை கட்டுரை நோட்டைத் திருத்தும், வாய் செய்யுளை விளக்கும், நடுவே தலைமையாசிரியருக்கும் ஒரு பதில் போகும். ஓய்வுபெற்ற மறுமாதம் அவருக்கு அவதானத்தின் மேல் ஆசை வந்தது. எட்டுப் பேர் எட்டு விதமாகக் கேட்பார்கள். ஒருவர் முதுகில் புளியங்கொட்டை எறிவார், ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் வெண்பாவுக்குக் கடைசி அடி கொடுப்பார். அத்தனையையும் மனதில் வாங்கி, ஒன்றும் தவறாமல் திருப்பித் தரவேண்டும். தன் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல இருந்தது அவருக்கு.

நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து நாற்பது நாள் படித்தார். சித்திரைத் திருவிழாவில் மேடை ஏறினார்.

கொட்டைகள் விழுந்தன. மணி அடித்தது. ஒருவர் ஏழு காய்கறிகளின் பெயரைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார். தபால் ஆபீஸ் ஞானாம்பாள் ஒரு தேதியைச் சொல்லி அன்றைக்கு என்ன கிழமை என்றார். தில்லைநாயகம் கண்ணை மூடினார். கையை உயர்த்தினார். ஒலிபெருக்கியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி சொன்னார்.

"பூசணிக்கிழமை."

ஒரு நிமிஷம் ஊரே யோசித்தது. பிறகு சிரித்தது. இன்னும் நிறுத்தவில்லை.

மாரிச்சாமி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் இருபது வருஷம் செய்தித்தாள் வாசித்திருக்கிறார். திருவிழாவுக்கு மறுநாள் போனபோது மாரிச்சாமி மரியாதையாகத்தான் கேட்டான். "ஐயா, இன்னிக்கி என்ன கிழமை?" பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்கள். அதன்பிறகு அவர் கடைத்தெரு வழியாகப் போவதை விட்டார். வாய்க்கால் கரையைச் சுற்றிப் போனால் பேருந்து நிறுத்தத்துக்குப் பதினைந்து நிமிஷம் கூடுதல். மூன்று வருஷமாக அந்தப் பதினைந்து நிமிஷத்தை நடந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் அப்படியே சுற்றிப்போய்ப் பேருந்து பிடித்து, ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மேலக்கரும்பூரில் இறங்கினார். அங்கே அமிர்தவல்லி என்று ஓர் அவதானி இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். நூறு பேர் கேள்விக்கு ஒரே மேடையில் பதில் சொன்னவர். வழி விசாரித்தார். "மாவு மில்லா?" என்று கேட்டார்கள்.

மாவு மில்தான். அவரைவிடப் பதினெட்டு வயதாவது இளையவளாக இருந்த ஒரு பெண், புருவமெல்லாம் வெள்ளையாக, இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தாள். சுவர் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு டப்பாக்கள் வரிசையாக இருந்தன. வைத்தவர்கள் கடைகண்ணிக்குப் போயிருந்தார்கள்.

தில்லைநாயகம் வணக்கம் சொன்னார். அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். அவள் அரிசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு விழும் துணிக்குழாயை மூன்று முறை தட்டினாள். டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள். பிறகு திரும்பி, அப்போதுதான் அவர் உள்ளே வந்ததுபோல முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள்.

"வாங்க ஐயா. என்ன அரைக்கணும்?"

அவர் வந்த காரியத்தைச் சொன்னார். பெயர் வந்த கதையையும் மறைக்கவில்லை. அமிர்தவல்லி உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இயந்திரத்துக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் குலசேகரன் உதட்டைக் கடிக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மன்னிச்சுக்கிடுங்க வாத்தியாரே. ஆனா நல்லா இருக்கு."

"எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கு," என்றார் தில்லைநாயகம். பிறகு அமிர்தவல்லியைப் பார்த்தார். "எனக்கு ஒரே ஒரு கேள்விதான், அம்மா. எட்டு விஷயத்தை ஒரே நேரத்தில எப்படிப் பிடிச்சுக்கிறது?"

அவள் வரிசையைப் பார்த்தாள்.

"கேழ்வரகு அரைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப முதல்ல அது."

வாரம் மூன்று நாள் அவர் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் நின்றார். அவருக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. மெதுவாகத் தெரிந்தது. ஒரு டப்பாவைக் கொட்டி, அது இறங்கி முடியும்வரை நின்று, துணியை மூன்று தட்டு தட்டி, மூடி, பிறகு அடுத்தது. முப்பத்திரண்டு வருஷம் வகுப்பை நடத்தியவருக்கு இந்த நிற்பது பொறுக்கவில்லை. இரண்டாவது வாரம், ஒரு நாள் அமிர்தவல்லி உள்ளே போன சமயம், பச்சரிசி இறங்கி முடிவதற்குள் அடுத்த டப்பா கேழ்வரகை மேலே கொட்டிவிட்டார். இந்த டப்பாவை மூடும் நேரத்தில் அது இறங்கிக்கொண்டிருக்கும். அரை நிமிஷம் மிச்சம்.

மரகதம் என்ற பெண் வந்து தன் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"வல்லியக்கா! இடியாப்பத்துக்குப் பச்சரிசி குடுத்தேன். இது என்ன, காக்கிச் சட்டை நிறத்துல இருக்கு?"

தில்லைநாயகத்துக்கு மறுபடி மேடையில் நிற்பதுபோல இருந்தது. அமிர்தவல்லி வந்தாள். மாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். தன் வீட்டு அரிசியை எடுத்துக் கொட்டி அரைத்துக் கொடுத்தாள். திட்டவில்லை. மரகதம்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டினாள். ஆனாலும் பழைய மாவை வீணாக்க வேண்டாம் என்று அதையும் வாங்கிக்கொண்டு போனாள்.

மறுவாரம் வந்து நின்றாள். குரல் தணிந்திருந்தது.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் அந்தக் காக்கி மாவே வேணுங்கறார். அதே அளவுல கலந்து தருவீங்களா?"

"அது எனக்கு வராது," என்றாள் அமிர்தவல்லி. "ஐயாவைக் கேளு. எவ்வளவு கலந்தார்னு அவருக்குத்தான் தெரியும்."

தில்லைநாயகத்துக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவரும் சிரித்தார். அந்த மில்லில் அவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

"அம்மா," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "எதுக்கு மூணு தட்டு தட்டறீங்க? அதுல ஏதும் கணக்கு உண்டா?"

"துணியில முந்தினவங்க மாவு ஒட்டியிருக்கும். தட்டினா விழுந்திடும்."

"அவ்வளவுதானா?"

"அடுத்தவங்களுக்கு அது எதுக்கு?"

அவர் வேறு எதையோ எதிர்பார்த்திருந்தார். ஆனாலும் அன்றுமுதல் தட்டினார்.

மதியம் மில் ஓய்ந்த பிறகு பயிற்சி. அதுவும் அவர் நினைத்ததுபோல இல்லை. கிணற்றடியில் அவரை உட்காரவைத்து, பின்னால் நின்று குலசேகரன் புளியங்கொட்டை எறிவார். அவர் எண்ண வேண்டும். முதல் இரண்டு மாதம் அது மட்டும்தான். குலசேகரனுக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

"என் வாத்தியார் என்மேல எறிஞ்ச சாக்பீஸுக்கெல்லாம் கணக்குத் தீருது," என்பார்.

ஒரு நாள் எறிந்துகொண்டிருக்கும்போதே தூறல் போட்டது. குலசேகரன் தாழ்வாரத்துக்கு ஓடிவிட்டார். தில்லைநாயகம் அசையவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அமிர்தவல்லி குடையோடு வந்து நின்றாள்.

"எத்தனை, ஐயா?"

"நூற்றுப் பதினாறு வரைக்கும் வந்தேன், அம்மா. அதுக்கப்புறம் இவர் ரெண்டு கையாலயும் எறிய ஆரம்பிச்சிட்டார்."

அவர் கண்ணைத் திறந்தபோது மழை நன்றாகப் பிடித்திருந்தது. தாழ்வாரத்தில் குலசேகரன் வெறுங்கையை விரித்துக் காட்டினார். அமிர்தவல்லி சிரித்ததில் குடை ஆடியது. அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று அவரே எதிர்பார்த்தார். இல்லை. நூற்றுப் பதினாறு துளியும் தனித்தனியாக முதுகில் இருந்தது. அப்படி ஒரு மழையில் அவர் நனைந்ததே இல்லை.

ஆனால் வீட்டில் அவர் வேறு மாதிரி இருந்தார். எட்டு எப்போது வரும் என்ற அவசரம். சவரம் செய்துகொண்டே பெருக்கல் போட்டார். சாப்பிட்டுக்கொண்டே நாள்காட்டியை மனப்பாடம் செய்தார். ஒரு காலை மேலக்கரும்பூருக்கு வெண்பா யோசித்துக்கொண்டே கிளம்பியவர் எதிர்ப்பக்கம் போகும் பேருந்தில் ஏறி, அணைக்கட்டு வரை போய், மதியம் வந்து சேர்ந்தார். மீசையில் ஒரு பக்கம் மட்டும் இருந்தது.

"இன்னொரு பக்கம்?" என்று கேட்டார் குலசேகரன்.

"நாற்பத்தேழு தரம் எண்பத்தாறு போட்டுக்கிட்டிருந்தேன்."

"விடை வந்ததா?"

"இல்லை."

குலசேகரன் கண்ணாடியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக் கொடுத்தார். தில்லைநாயகம் மிச்ச மீசையையும் எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பித் தந்தார்.

"நாலாயிரத்து நாற்பத்திரண்டு," என்றார்.

அமிர்தவல்லி கம்பு டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"அம்மா, ஒண்ணு கேட்கலாமா?"

அவள் கம்பு இறங்கி முடியும்வரை நின்றாள். தட்டினாள். மூடினாள். "கேளுங்க."

"இத்தனை டப்பா காத்துக்கிட்டிருக்கு. ஒண்ணு அரைக்கும்போது மத்ததெல்லாம் மனசுல வந்து இடிக்காதா? ஒருத்தருக்குப் பஸ் போயிடும், ஒருத்தருக்கு அடுப்புல தண்ணி கொதிக்கும். அதையெல்லாம் எங்க வைக்கிறீங்க?"

"எதை?"

"மத்த டப்பாவை."

அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். சுவர் ஓரத்தைக் காட்டினாள்.

"அங்கதானே இருக்கு."

அவர் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பங்குனி கடைசியில் அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. திருவிழாக் குழுத் தலைவர் வைரவநாதன், ஜவுளிக்கடைக்காரர், தானே கைப்பட எழுதியிருந்தார். இந்த ஆண்டு மறுபடியும் ஐயா அவர்கள் மேடையேறி ஊரை மகிழ்விக்க வேண்டும். மகிழ்விக்க என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு இருந்தது.

தில்லைநாயகம் கடிதத்தை மில்லுக்குக் கொண்டுவந்தார்.

"சிரிக்கத்தான் கூப்பிடறாங்க. மறுபடி ஒரு தடவை தவறினா, அந்தப் பேர் என்னைப் புதைச்ச இடத்திலயும் நிக்கும்."

"போகாட்டி?"

"போகாட்டியும் நிக்கும்."

"அப்ப போங்க. நாங்களும் வர்றோம். அன்னிக்கி மில்லுக்கு லீவு."

"எட்டு இன்னும் சொல்லித்தரலையே, அம்மா. தனித்தனியா எல்லாம் வருது. கொட்டை வருது, மணி வருது, கணக்கு வருது. எட்டும் சேர்ந்து வர்றப்ப எப்படிப் பிடிக்கிறதுன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லை."

"கேழ்வரகு நல்லா அரைக்கிறீங்க இப்ப," என்றாள் அமிர்தவல்லி.

திருவிழாவில் மாலை ஐந்து மணிக்கு மேடை. இறங்கு வெயில் பந்தலுக்குள் சாய்வாக விழுந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. சிலர் பூசணிக்காயைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்கள். முன்வரிசையில் ஞானாம்பாள், பக்கத்தில் அவர் கணவர். இரண்டு நாற்காலி தள்ளி அமிர்தவல்லியும் குலசேகரனும். தில்லைநாயகம் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பின்னால் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சுந்தரலிங்கம் புளியங்கொட்டைக் கிண்ணத்தோடு நின்றார். பேச்சுக் கொடுத்துக் கவனத்தைக் கலைப்பதும் எட்டில் ஒரு வேலை. அதை வைரவநாதன் யாருக்கும் விட்டுத்தரவில்லை.

முதல் சுற்றுத் தொடங்கியது. வெண்பா கேட்பவர் பள்ளியின் இப்போதைய தமிழாசிரியர். அவர் கடைசி அடியைச் சொன்னார்.

"பூசணிக்கும் உண்டே புகழ்."

பந்தல் அதிர்ந்தது. சிரிப்பு அடங்க நேரமானது. ஒரு சுற்றுக்கு ஓர் அடியாக, நான்கு சுற்றில் முடிக்க வேண்டும். தில்லைநாயகம் முதல் அடி சொன்னார். அடுத்தவர் ஒரு பெருக்கல் கொடுத்தார். கொட்டை ஒன்று விழுந்தது. மணி இரண்டு முறை அடித்தது. ஒருவர் காய்கறிப் பெயர்களைத் தொடங்கினார், முதலிலேயே பூசணிக்காய். ஞானாம்பாள் மைக்கைப் பிடித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு, செப்டம்பர் பத்து. எங்க கல்யாண நாள், ஐயா. என்ன கிழமை? இவரைக் கேட்டேன், தெரியலைங்கறார்."

அதே தேதி. மூன்று வருஷத்துக்கு முன் அவரைக் கவிழ்த்த அதே தேதி. தில்லைநாயகம் தேதியைப் பிடித்தார். பிடித்த கையிலிருந்து வெண்பாவின் இரண்டாம் அடி நழுவுவதுபோல இருந்தது. அதைப் பிடிக்கப் போனார். கொட்டை இரண்டா மூன்றா? பெருக்கலில் கடைசி எண் என்ன? பூசணிக்காய்க்கு அப்புறம் அவரைக்காயா புடலங்காயா? எல்லாம் ஒரே நேரத்தில் மேலே கொட்டின. ஒரே நிறமாக, காக்கியாக, வர ஆரம்பித்தது.

அவர் கண்ணைத் திறந்து முன்வரிசையைப் பார்த்தார்.

அமிர்தவல்லி அவரைப் பார்க்கவே இல்லை. திருவிழாக் கடையில் வாங்கிய வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து, ஓட்டை உடைத்து, பருப்பைத் தோல் போக ஊதி, வாயில் போட்டு, மென்று முடித்தாள். பிறகுதான் அடுத்ததை எடுத்தாள். மடியில் இன்னும் அரைப் பொட்டலம் இருந்தது. அது அவளை ஒன்றும் செய்யவில்லை.

தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. மைக்கில் கேட்கும்படியே சிரித்தார். வெண்பா எங்கே? அங்கதானே இருக்கு. கணக்கு? அங்கதானே இருக்கு. அவர் வலது கையால் தொடையை மூன்று முறை தட்டினார். பிறகு தேதியைப் பார்த்தார். தேதியை மட்டும்.

"வியாழக்கிழமை," என்றார்.

ஞானாம்பாள் கையிலிருந்த பழைய கல்யாணப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா? வியாழக்கிழமை!"

பந்தல் கைதட்டியது. அது அவருக்குக் கேட்டது. தொடையை மூன்று தட்டு தட்டினார். அது போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் பேசும்போது உலகத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். கொட்டை விழும்போது கொட்டை. மணி அடிக்கும்போது மணி. நடுவில் தொடையில் மூன்று தட்டு. கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் அது ஏதோ முத்திரை என்று விளக்கிக்கொண்டிருந்தார். தில்லைநாயகத்துக்கு உடம்பு லேசாக இருந்தது. அந்தக் கிணற்றடி மழைபோல இருந்தது. அவசரமே இல்லை. எப்படியோ சுற்றுகள் மட்டும் மளமளவென்று முடிந்துகொண்டிருந்தன.

மூன்றாவது சுற்றில் வைரவநாதன் எழுந்தார். இத்தனை நேரம் வெயில், வெள்ளரிக்காய் என்று பேச்சுக் கொடுத்தவர், இதற்காகத்தான் காத்திருந்தவர்போல மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஐயா, ஊர்க்காரங்க எல்லாரும் தெரிஞ்சுக்க ஆசைப்படறாங்க. அடுத்த பூசணிக்கிழமை எந்தத் தேதியில வருது?"

பந்தல் கைகொட்டிச் சிரித்தது. பூசணிக்காய்கள் தலைக்கு மேலே தூக்கிக் காட்டப்பட்டன. தில்லைநாயகம் தொடையைத் தட்டினார். அந்தக் கேள்வியையும் மற்றதைப்போலவே எடுத்துக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். நல்ல கேள்வியாகத்தான் இருந்தது.

"அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், வைரவநாதன். போன தடவை நீங்க நேர்லயே பார்த்துட்டீங்க. குடுத்துவச்சவங்க. இனி உங்க பேரனோட பேரன்தான் பார்க்கணும். அவன் பேர்ல இப்பவே ஒரு நாற்காலி போட்டு வைங்க."

இப்போது சிரித்தது வேறு சிரிப்பு. வைரவநாதனே நாற்காலியில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிச் சுற்று. தில்லைநாயகம் ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தார். பெருக்கல் சரி. காய்கறி ஏழும் சரி. மணி பத்தொன்பது, சரி. வெண்பாவின் நான்கு அடிகளையும் சேர்த்துச் சொன்னார்.

"கண்ணேறு போக்கிக் கதவருகே தான்தொங்கி
மண்மீது வீழ்ந்துடைந்து மாய்ந்தாலும் - பெண்கள்தம்
வாசலில் பூவாய் மலர்ந்து சிரிப்பதனால்
பூசணிக்கும் உண்டே புகழ்."

பூசணிக்காய் கொண்டுவந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். மார்கழிக் கோலத்தின் நடுவே பூசணிப்பூ வைக்கும் பெண்கள் எழுந்தே நின்றார்கள்.

மிச்சம் இருந்தது கொட்டை.

"பதினொன்று," என்றார் தில்லைநாயகம்.

கம்பவுண்டர் சுந்தரலிங்கம் முன்னால் வந்தார். நேர்மையான மனிதர். முகம் வாடியிருந்தது.

"பன்னிரண்டு எறிஞ்சேன், ஐயா. கிண்ணத்துல எண்ணித்தான் எடுத்தேன்."

பந்தல் அடங்கியது. வைரவநாதன் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். மைக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது. தமிழாசிரியர் மெல்லச் சொன்னார். "இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லலாம், ஐயா. விதியில இடம் இருக்கு."

தில்லைநாயகம் யோசித்துப் பார்த்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொன்று விழுந்தபோதும் அவர் அங்கே இருந்தார். முதலாவது இடது தோளில். நான்காவது கழுத்துக்குக் கீழே. பதினொன்றாவது முதுகுத்தண்டில் பட்டு வேட்டி மடிப்பில் உருண்டது. பன்னிரண்டாவது இல்லை.

"பதினொன்று," என்றார் மறுபடியும். குரல் உயரவில்லை.

மேடை ஓரத்திலிருந்து யாரோ செருமினார்கள். மைக்செட்காரர். ஒரு கையால் காதைத் தேய்த்தபடி, இன்னொரு கையை மேலே தூக்கினார். விரல்களுக்கு நடுவே ஒரு புளியங்கொட்டை இருந்தது.

"ரெண்டாவது சுத்துல என் காதுல விழுந்துச்சுங்க. அவதானம் நடக்கறப்ப சத்தம் போடக்கூடாதுன்னாங்க. அதான் சொல்லலை."

அன்றைக்கு வெள்ளாற்றூரில் எழுந்த சத்தத்தில் தேர்மேல் இருந்த புறாவெல்லாம் பறந்தன. தில்லைநாயகத்தை மேடையிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள். கம்பவுண்டர் மைக்செட்காரரின் காதுக்கு மருந்து போட்டார்.

கூட்டம் கலைந்ததும் அவர் அமிர்தவல்லியையும் குலசேகரனையும் கூட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தார். மூன்று வருஷம் கழித்து. மாரிச்சாமி டீக்கடை பெஞ்சை மேல்துண்டால் துடைத்துவிட்டான். மூன்று டீ வைத்தான். போகாமல் நின்றான்.

"ஐயா, ஒரே ஒரு தடவை. இன்னிக்கி என்ன கிழமை?"

"பூசணிக்கிழமைடா," என்றார் தில்லைநாயகம். "டீயில சக்கரை கம்மி."

மாரிச்சாமி கூத்தாடிக்கொண்டு சர்க்கரை எடுக்கப் போனான். தெருவில் இரண்டு பேர் போகிற போக்கில் தொடையை மூன்று முறை தட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். குலசேகரனும் பதிலுக்குத் தட்டினார்.

தில்லைநாயகத்தின் முகத்தில் மட்டும் ஏதோ நெருடல் இருந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இந்த ஊரை நான் ஏமாத்திட்டேன்."

அமிர்தவல்லி டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் காத்திருந்தார். அவள் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க ஐயா."

"எட்டு வேலையை ஒரே நேரத்தில செஞ்சேன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. நான் செய்யவே இல்லை. ஒரு தடவைக்கு ஒண்ணுதான் செஞ்சேன். கடைசிவரைக்கும் ஒண்ணுதான். எட்டு என்கிட்ட வரவே இல்லை."

"யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இல்லை. உங்ககிட்டதான் முதல்ல."

அமிர்தவல்லி பெஞ்சில் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அவளும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

"சொல்லிடாதீங்க," என்றாள். "நூறு பேரை உக்காரவச்சுக்கிட்டு நானும் இன்னும் சொல்லலை."